'கடைமடை' ஏன் விற்கவில்லை

உங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் 'கடைமடை' விளையாட்டின் அட்டைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறீர்கள். அதன் கீழே, 'காலத்துக்கு முன்பே வந்துவிட்ட விளையாட்டு' என்று எழுதியிருக்கிறது. டெஸ்டிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவங்களைப் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். வந்தேன். அந்த வரியைப் படித்தபின் பேச மனம் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். அதனால் எழுதித் தருகிறேன்.

முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 'கடைமடை' காலத்துக்கு முன்பு வரவில்லை. சோதனை முடிவதற்கு முன்பு வந்தது. சரியாகச் சொன்னால் நான்கு நாள் முன்பு. அந்த நான்கு நாளை வாங்கித் தந்திருக்க வேண்டிய ஆள் நான்.

அப்போது யாரிடம் கம்ப்யூட்டர் இருந்தது, நம்மவர்களுக்கு இந்த மாதிரி விளையாட்டு புரியுமா, விளம்பரம் போதவில்லை என்றெல்லாம் இணையத்தில் எழுதுகிறார்கள். விளையாட்டை நேசிப்பவர்கள்தான் எழுதுகிறார்கள், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் முதலில் போன பெட்டிகள் சில நாளில் தீர்ந்துவிட்டன. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கடைக்காரர் மேசையில் வைத்தார்கள். அதன்பின் கடைக்காரர்கள் எடுக்கவில்லை. ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லாதீர்கள். ரசனையோடு வாங்கியவர்களை நாங்கள் ஏமாற்றினோம்.

எங்கள் கம்பெனி திருப்பதியில் ஒரு மாடி வீட்டில் நடந்தது. கீழே அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பார்கள். அதுதான் சோறு போட்ட தொழில். மாடியில் பதினோரு பேர் விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். வீட்டுக்கு ஒருவர் ஐதராபாத்துக்கோ பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது.

விளையாட்டை உருவாக்கியவர் வேதவல்லி. திருப்பதிக்காரர், அப்பா மலையில் கோயில் கைங்கரியம் செய்பவர். ஐந்து வருடம் உழைத்தார். வறட்சி பிடித்த ஒரு நாடு, ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழு ஏரிகள். ஆடுகிறவர் மதகு திறக்கும் பொறுப்பில் இருக்கிறார், துணைக்கு மூன்று பேர். முதல் ஏரியில் யாருக்குத் தண்ணீர் விடுகிறோம் என்பது, பல மணி நேரம் ஆடியபின், கடைமடை ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும். சண்டை கொஞ்சம், பேச்சு நிறைய. எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் வேலை தருவதாக வேதவல்லிக்குக் கடிதம் வந்திருந்தது. இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். "இது வித்துதுன்னா இங்கேயே இருந்து ரெண்டாவது கேம் பண்றேன். விக்கலேன்னா பொட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூணாம் தடவை அவா காத்துண்டிருக்க மாட்டா" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் போனால் மாடி காலியாகும் என்பது பதினோரு பேருக்கும் தெரியும்.

நான் வெதுருகுப்பம் பக்கம். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள். கீழே டைப் அடித்ததைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். என் கண்ணுக்கு ஒரு பிழையும் தப்பாது என்று கண்ட எம்.டி. என்னை மாடிக்கு அனுப்பி டெஸ்டிங் பொறுப்பைக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு நிறைய இருந்தது. நன்றி நல்ல குணம்தான். சோதிப்பவனுக்கு அது தன் மேலாளரிடம் இருக்கக் கூடாது. வாங்கி ஆடப்போகும் முகம் தெரியாத ஆளிடம் இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

வெளியீட்டுக்கு எம்.டி. முகூர்த்தம் பார்த்திருந்தார். புதன்கிழமை காலை மூல சி.டி.யை மலைக்குக் கொண்டுபோய் சுவாமி சந்நிதியில் வைத்து வாங்கி வருவது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து புது லாரியின் சாவி வரை அப்படித்தான், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்றே கால். ஏர்பேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் கன்னியம்மாள் என் குழுவில் கெட்டிக்காரி. தன் இடத்திலிருந்தே கத்தினாள்.

"சார், இத்த வந்து பாருங்க! சேவ் பண்ணத துன்னுட்ச்சு!"

"எது?"

"கேம்தான். மூணாவது ஏரி மதக மூடிட்டு, கூட வந்த கொல்லன அங்கியே உட்டுட்டு ரெண்டாவது ஏரிக்குத் திரும்பனேன். சேவ் பண்ணேன். தெறந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. நாலு நாளா ஆடிக்கினு இருந்தேன், அத்தினியும் பூட்ச்சு."

"இன்னொரு தடவை அதே மாதிரி செஞ்சு பாரு."

"நானா? இன்னும் நாலு நாளா? நீங்க ஒருவாட்டி ஆடுங்க சார். அப்பதான் வயிறு எரியறது இன்னான்னு தெரியும்."

வேறு மெஷினில் இருந்த பழைய சேவ்களை எடுத்து அதே வழியில் போய்ப் பார்த்தோம். மூன்றில் இரண்டு தடவை ஆடியதெல்லாம் அழிந்தது. ஓரமான வழி என்று தள்ளவும் முடியாது. கொல்லனுக்கும் ஆடுகிறவருக்கும் சண்டை வருவது கதையிலேயே இருக்கிறது. பாதிப் பேர் அவனை விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

வேதவல்லி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எங்கேன்னு எனக்குத் தெரியறது. ஆனா அவசரமாத் தொட்டா இன்னொண்ணு ஒடையும். சனிக்கிழமை வரைக்கும் டைம் வாங்குங்கோ."

"நீங்களே கேட்டா என்ன?"

"நான் கேட்டா சிரிப்பார். சமைக்கறவ எப்பவும் இன்னும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்லுவா. ருசி பாக்கறவர் நீங்க. நீங்க வேகலைன்னு சொன்னா அவர் எலை போட மாட்டார்."

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு எம்.டி. அறைக்குப் போனேன். அவர் குடும்பம் பலமனேரில் தக்காளி கமிஷன் மண்டி வைத்திருந்த குடும்பம். மேசையில் மஞ்சள் துணியும் பூஜைத் தட்டும் தயாராக இருந்தன. பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

"ஏமய்யா முனிரத்னம், எல்லாம் ஓகேதானே?"

"ஒண்ணு மட்டும் இருக்கு சார்..."

முடிக்க விடவில்லை. "ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும்யா. பலமனேர்ல விடிகால லோடு ஏத்தறப்ப ரெண்டு பழம் அடிபட்டிருக்குன்னு கூடையக் கொட்டி மறுபடி அடுக்கினேன்னு வெய்யி, லாரி போயிடும். அன்னிக்கி மார்க்கெட்டு போச்சுன்னா மறுநாளு மாடு கூட மோந்து பாக்காது. அந்த ஒண்ணு ரெண்ட எழுதி வெச்சிருக்கே இல்ல?"

"எழுதியிருக்கேன் சார். ஒன்பதாவது பக்கத்துல."

"ராசாவு கதா, எழுதிட்டே இல்ல? மஞ்சிதி. எழுதினப்புறம் உனக்கென்ன பயம்? சைன் பண்ணு."

போட்டேன். அழகான கையெழுத்து. அன்றைய டைரிக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது: 'மாலை 4.25. தாளில் கையெழுத்திட்டேன். குறை, பக்கம் 9-ல் பதிவாகியுள்ளது.' அதை எழுதியவனை இப்போது பார்த்தால் அறைந்துவிடுவேன்.

வைத்தால் அழுகுவது தக்காளி. நாலு நாள் வைத்திருந்தால் பழுத்திருக்கும் எங்கள் சரக்கு. இந்த ஒரு வாக்கியம் அந்த அறையில் எனக்குத் தோன்றவில்லை, படிக்கட்டில் தோன்றியது. திரும்பி இறங்கிப்போயிருக்கலாம். பன்னிரண்டு படி.

மாடிக்கு வந்ததும் வேதவல்லி தலையைத் தூக்கினார். "என்ன சொன்னார்?"

"முகூர்த்தம் மாத்த முடியாதாம்."

நான் கேட்கவே இல்லை. கேட்டது போல, அவர் மறுத்தது போலச் சொன்னேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, "சரி, நீங்க கேட்டேளே, அது போறும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வேலையில் குனிந்தார். சோதிப்பவனின் பிழைகளில் பெரியது பிழையைத் தவறவிடுவது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். தவறவிட்ட பிழைக்காக நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

புதன்கிழமை எல்லோரும் மலைக்குப் போனோம். மஞ்சள் துணியில் சுற்றிய சி.டி. பழத்தட்டின் நடுவே இருந்தது. திரும்பி வந்தபோது அதன் மேல்தாளில் குங்குமப் பொட்டு. எம்.டி.யின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. மனிதர் நிஜமாகவே வேண்டிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் அது பொய்க்கணக்கு.

அன்று பிற்பகல்தான் இன்னொன்று தெரிந்தது. சி.டி. அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு மூலத்தை அனுப்ப வேண்டியது அடுத்த திங்கட்கிழமை. புதன் முதல் திங்கள் வரை அது அலுவலகப் பூஜை அலமாரியில் சும்மா இருக்கும்! மாற்ற முடியாத தேதி என்று நாங்கள் நடுங்கியது பூஜைத் தேதி. விளையாட்டின் தேதி வேறு. நான் செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், 'சார், அச்சுக்கு எப்போ போகுது?' என்று கேட்டிருந்தால், பழைய சி.டி.யை வைக்காமல் காலி உறையை வைத்துக்கூட முகூர்த்தத்தை நடத்தியிருக்கலாம். அவசரப்படுத்துகிறவரிடம் அவசரம் எதற்கு என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். பாதி நேரம் அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வேதவல்லி திருத்தி முடித்தார். கன்னியம்மாள் ஐந்து தடவை கொல்லனை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். சேவ் பத்திரமாக இருந்தது. புது சி.டி.யை எடுத்துக்கொண்டு வேதவல்லியும் நானும் கீழே போனோம்.

எம்.டி. எழுந்தே நின்றுவிட்டார். "சுவாமி முன்னாடி வெச்சது அலமாரியில இருக்கு. அத எடுத்துட்டு வேற ஒண்ணா? என்னம்மா இது, அய்யவாரு வீட்டுப் பொண்ணு பேசற பேச்சா? அபச்சாரம்."

"எங்கப்பா தினம் பெருமாள் சந்நிதியிலே நிக்கறவர் சார். வெச்சதிலே அபச்சாரம் ஒண்ணுமில்லே. தப்போட கொண்டுபோய் வெச்சோமே, அதுதான் மனசுக்கு ஒப்பலே. நாளைக்கே இதையும் கொண்டுபோய் சேவிச்சுட்டு வரலாம்."

"அப்போ மொதல்ல வெச்சது தப்புன்னு சுவாமிகிட்டயே போய்ச் சொல்லணுமா? யாரு சொன்னா அது தப்புன்னு?"

"நாங்க செவ்வாய்க்கிழமையே சொன்னோமே சார். முனிரத்னம் சார் வந்து டைம் கேட்டாரே. நீங்க மாத்த முடியாதுன்னு சொன்னேளாமே."

எம்.டி. என்னைப் பார்த்தார். "எங்கிட்டயா? நீ டைம் கேட்டியாய்யா? சைன் பண்ணிட்டுத்தானே போனே? செப்பு."

சொல்ல இரண்டு வார்த்தைகள் இருந்தன. 'இப்போது கேட்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். மனிதர் குழம்பிப்போய் நின்ற நேரம், உறுதியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். நான் சொன்னது: "ஒன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கேன் சார்."

"அது சின்ன விஷயம்னுதானே எழுதிட்டு சைன் பண்ணே?"

"ஆமா சார்."

வேதவல்லி என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. "எழுதினேள். சொல்லலே" என்றார். புது சி.டி.யை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

குங்குமப் பொட்டு வைத்த சி.டி. திங்கட்கிழமை அச்சுக்குப் போனது.

மூன்றாவது வாரத்திலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதியிலிருந்து ஒருவர், லீவு முழுக்க ஆடி அழிந்துபோனதாக எழுதியிருந்தார். 'இவ்வளவு நல்ல விளையாட்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?' என்று கேட்டிருந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று, 'அற்புதம். வாங்காதீர்கள்' என்று எழுதியது. திருத்தத்தை இன்டர்நெட்டில் போடலாமே என்று கேட்பீர்கள். டெலிபோன் வழியாகப் பாதி இறங்குவதற்குள் லைன் அறுந்துபோன காலம். திருத்திய சி.டி.யை எல்லோருக்கும் அனுப்பலாம் என்றார் வேதவல்லி. அனுப்பினால் முதலில் வந்தது தப்பு என்று ஊரே சொல்லும் என்று எம்.டி. மறுத்தார்.

வேதவல்லி அவரை மறுபடி கேட்கவில்லை. கடிதம் எழுதிய ஒவ்வொருவருக்கும் திருத்திய சி.டி.யைத் தானே பதிந்து, மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வைத்துத் தபாலில் அனுப்பினார். கன்னியம்மாள் உறையில் முகவரி எழுதினாள். அந்த சி.டி.க்கள்தான் விடுதி விடுதியாக நகலெடுக்கப்பட்டன, பெங்களூருக்குப் போனவர்களோடு போயின, கடல் தாண்டின. நீங்கள் கல்லூரியில் ஆடிக் கொண்டாடிய 'கடைமடை' நாங்கள் விற்றது இல்லை. வேதவல்லி தபாலில் அனுப்பியது. அதனால்தான் பேர் வந்தது, கம்பெனி பிழைக்கவில்லை. உங்கள் சுவரில் இருக்கும் மர்மத்துக்கு விடை இவ்வளவுதான்.

எம்.டி.க்கு இந்தத் தபால் விஷயம் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குள் வேதவல்லி ராஜினாமா கொடுத்துவிட்டார். மூன்றாவது தடவையும் அந்த அமெரிக்கக் கம்பெனி காத்திருந்தது. அடுத்த வாரம் சென்னையில் விசா நேர்காணல். அன்று காலை பத்தரைக்கு எம்.டி. என்னைக் கூப்பிட்டார். மேசையில் மறுபடி ஒரு தாள். கம்பெனிச் சொத்தை வேதவல்லி திருடி வெளியே கொடுத்ததாகப் போலீசுக்கு எழுதிய புகார். சாட்சி என்ற இடத்தில் என் பெயர் டைப் அடித்திருந்தது.

"கம்பெனியே மூழ்கிப் போச்சுய்யா. யாரு பதில் சொல்றது? சைன் பண்ணு."

புகார் போனால் விசா போகும். ஐந்து வருடமும் போனபின் அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"முடியாது சார்."

"ஏமி?"

"கையெழுத்துப் போட மாட்டேன். அவங்க திருடல. சனிக்கிழமையே நம்ம கையில கொடுத்தாங்க, நாம வாங்கல. கேம் கெட்டதுக்குக் காரணம் நான். உங்ககிட்ட டைம் கேக்கச் சொன்னாங்க, நான் கேக்கல. கேட்டேன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன். போலீசு வந்தா இதைத்தான் சொல்லுவேன்."

அவர் தாளை இரண்டாக மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார். "நாளையிலேர்ந்து வராதே" என்றார். புகார் போகவில்லை. வேதவல்லி கிளம்பினார். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது நியாயம்.

இதைக் கேட்டதும் கடைசியில் தைரியம் வந்ததே என்று என்னை மெச்சிக்கொள்ள வேண்டாம். கையெழுத்து மறுக்க எனக்குத் தேவைப்பட்டது அரை நிமிடம். அதே அரை நிமிடம் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையும் என்னிடம் இருந்தது. அன்று மறுத்திருந்தால் எம்.டி. திட்டியிருப்பார், வேலை போயிருக்காது. அப்போது காப்பாற்ற ஒரு விளையாட்டு இருந்தது.

என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கன்னியம்மாள் அங்கே பையோடு நின்றிருந்தாள். அன்று காலையே மாடியை மூடுவதாகச் சொல்லி எல்லோரையும் அனுப்பியிருந்தார்கள். கீழே நான் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறது.

"இன்னா சார், இன்னிக்கி இம்மாம் சத்தமா பேசறீங்க?" என்றாள்.

அவள் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இத்த அன்னிக்கே பேசியிருந்தா அந்தம்மா இங்கியே இருந்திருப்பாங்க. நானும் ஏர்பேட்டுல போயி இன்னா சொல்றதுன்னு நின்னுக்கினு இருக்க மாட்டேன்."

ஏர்பேடு பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும் வரை என் பக்கம் பார்க்கவில்லை.